நாங்கள் எதிர்கொண்டு வாங்காத கல்விச்சீர்

ஆவாரங்கண்மாய் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பதினோராண்டுக் காலம் தலைமையாசிரியையாய்த் தளராது பணியாற்றி, இன்று பணிநிறைவு பெறும் திருமதி புவனேஸ்வரி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் ஐவர் தலைகுனிந்து படைக்கும் மடல்.

அன்பின் வடிவே! அறிவின் சுடரே! அயராத உழைப்பின் அடையாளமே!

இப்படித்தான் முதலில் எழுதினோம், அம்மா. அடைமொழிகளை அள்ளித் தெளிப்பதில் எங்கள் தமிழாசிரியர் நிலவழகனுக்குக் கை தாராளம். இதுவரை ஓய்வுபெற்ற அத்தனை பேரையும் அவர் இமயம் என்று எழுதியிருக்கிறார். இம்முறை எழுதியதை அவர் உரக்க வாசித்துக் காட்டியபோது, எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அடைமொழிகள் அத்தனையும் மெய்தான். அவற்றைச் சொல்லும் வாய்க்குத்தான் தகுதியில்லை. ஆகவே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறோம்.

ஊரையும் பள்ளியையும் ஓருயிராய் இணைத்த உத்தமியே! தாங்கள் வருவதற்கு முன் இங்கே பெற்றோர் குழுக் கூட்டம் எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். நடக்கவே நடக்காது. நடந்ததாக நோட்டில் எழுதி, எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவருவோம். வந்த முதல் மாதமே தாங்கள் அந்த நோட்டை மூடி வைத்தீர்கள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போனவர்கள் வீடு திரும்பிக் கைகால் கழுவியபின் வரட்டும் என்று கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றினீர்கள். குழுத் தலைவியாக வந்த மருதாயி, “எழுத்து வாசனை இல்லாதவ நான், இங்க வந்து என்னத்தப் பேசுவேன் டீச்சர்?” என்று தயங்கியபோது, “ஒங்க புள்ளைய ஒங்களுக்குத் தெரியும்ல, அதப் பேசுங்க, போதும்” என்றீர்கள்.

அவர்கள் பேசினார்கள். பேசியதோடு நிற்கவில்லை, செய்தார்கள். கொத்தனார் அடைக்கலம் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு வைத்துக் கொடுத்தார். ஆடு மேய்க்கும் பிச்சை, எத்தனை மழைக்கு ஓடையில் தண்ணீர் ஏறும் என்று சொல்லிக்கொடுத்ததால், அக்கரைப் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டோம். தாய்மார்கள் முறைவைத்து வந்து சத்துணவை ருசி பார்த்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் படித்த பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாங்களோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தரைக் கூட்டத்துக்கு எங்களில் ஒருவர்கூட ஒருநாளும் மனமுவந்து இருந்ததில்லை.

பொறுமையின் பெருவடிவே! இரண்டாண்டுகளுக்கு முந்தைய அந்தத் தை வெள்ளிக்கிழமைக்கு இப்போது வருகிறோம். இதைச் சொல்லக் கூசுகிறது.

அன்று ஊரார் பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டுவருவதாக ஏற்பாடு. தாய்மாமன் வீட்டுச் சீரைப்போல மேளம் முழங்க, முப்பத்தேழு தட்டுகளில் பழமும் நோட்டும் எழுதுகோலும் சுவர்க்கடிகாரமும் சுமந்து ஊரே கிளம்பியது. தங்களுக்கோ புதுக்கோட்டையில் அலுவலகக் கூட்டம், திடீரென்று அழைத்துவிட்டார்கள். கிளம்பும்போது எங்களிடம் தெளிவாகச் சொன்னீர்கள்: “வாசல்லயே நின்னு தட்டைக் கையால வாங்குங்க. சந்தனம் குடுத்து உக்கார வைங்க. சுண்டல் அவிச்சு வச்சிருக்கு, டீயும் சொல்லிருக்கேன். சாப்புட வச்சு அனுப்புங்க.”

இரண்டு மணிக்கு வரவேண்டிய சீர், வேலைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்து நான்கேகாலுக்குத்தான் வந்தது. எங்கள் கீரனூர் பேருந்துக்கு ஐந்து நிமிடமே இருந்தது. அதை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது. நாங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். முன்னால் நின்ற மருதாயி, தட்டை நீட்டி, “வாங்கிக்கங்க சார்” என்றார். கணக்காசிரியர் பிராங்க்ளின், “பஸ்ஸு வந்துரும்மா. அப்படியே வராந்தாவுல வச்சிட்டுப் போங்க, திங்கக்கெழமை எச்செம் டீச்சர் வந்து பாத்துக்குவாங்க” என்றார். சொன்னது அவர் வாய்தான். ஆனால் மற்ற நால்வரும் அதற்குள் சாலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தோம். செல்பேசியில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டோம், மேலே அனுப்புவதற்கு. மேளம் பாதியில் நின்றுபோனது. பேருந்தின் சன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது, நீட்டிய தட்டை மருதாயி இன்னும் இறக்கவில்லை.

அவர்கள் வராந்தாவில் வைத்துவிட்டுப் போன பழங்களை மறுநாள் காலை ஆடுகள் தின்றிருந்தன.

திங்கட்கிழமை ஊரே பள்ளி வாசலில் திரண்டது. “சீரை வாசல்ல வச்சிட்டுப் போகச் சொல்ற வீடு ஒலகத்துல எங்கிட்டாச்சும் உண்டா? யாரு சொன்னது?” என்று மருதாயி கேட்டார். தாங்கள் ஒரு கணமும் தயங்கவில்லை. “நாந்தான் சொல்லிட்டுப் போனேன். எந்தப்பு, மன்னிச்சுக்கங்க” என்று கைகூப்பினீர்கள். ஊர் தங்களைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டோம். நாங்கள் ஐவரும் தங்கள் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி நின்றோம். பிறகு அறைக்குள் வந்து தாங்கள் சொன்னது இன்றும் எங்களைக் குத்துகிறது: “எம்மேல கோவப்பட்டா நான் ரெண்டு வருசத்துல போயிருவேன். ஒங்க மேல கோவப்பட்டா, புள்ளைங்க ஒங்ககிட்ட எப்புடிப் படிக்கும்? இதோட விடுங்க. யாரும் வாயத் தெறக்கக் கூடாது.”

எவ்வளவு வசதியான கட்டளை! அதற்குக் கீழ்ப்படிவதில் எங்களைவிடச் சிறந்த ஊழியர்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாது என்று முப்பத்தேழிலும் கற்கண்டு வைத்து, தாங்களே வீடு வீடாகக் கொண்டுபோனீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தவர் ஆசிரியை சத்யா. மருதாயி கதவருகே நின்று, “வச்சிட்டுப் போங்க டீச்சர்” என்றார். தாங்கள் குனிந்து வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினீர்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சத்யா அதைச் சொல்லவில்லை; அன்றிரவு தூங்கவில்லை என்று மட்டும் எங்களிடம் சொன்னார். மற்ற நால்வரும் மிக நன்றாகத் தூங்கினோம்.

அதன்பின் பெற்றோர் பிள்ளைகளை வாசலோடு விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தரைக் கூட்டத்தில் நாற்காலிகளும் தாங்களும் மட்டுமே இருந்தீர்கள். ஒவ்வொரு மாதமும் ஆறரை வரை காத்திருந்து, பிறகு நாற்காலிகளைத் தாங்களே அடுக்கி வைத்தீர்கள். வராத கூட்டத்தை வந்ததாக ஒருநாளும் எழுதவில்லை.

இந்த விழாவுக்கு ஊரை அழைக்கச் சென்ற வாரம் போனோம். “அந்தம்மா போறதுக்கு நாங்க எதுக்கு வரணும்?” என்று கேட்டார்கள். பதினோராண்டு உழைத்த ஊரிலிருந்து, செய்யாத தவறுக்கு வசைவாங்கித் தாங்கள் போகப்போகிறீர்கள் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் உறைத்தது. மறுநாள் ஐவரும் தங்களுக்குத் தெரியாமல் மருதாயி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா ஆச்சா? ஊரு முன்னால வச்சு அவுங்களப் பேசுனோம். ஊரு முன்னால சொல்லுங்க. எல்லாரையும் நான் கூட்டியாரேன்” என்றார்.

ஆகவே, வாயைத் திறக்கக் கூடாது என்ற தங்கள் கட்டளையை இன்று மீறுகிறோம். கோபித்துக்கொள்ளுங்கள், தாங்கும் கடமை எங்களுக்கு உண்டு.

மடலைச் சட்டமிட்டுத் தங்களிடம் தருவதே வழக்கம். இதைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை அம்மா. தங்கள் இசைவிருந்தால், ஆசிரியர் அறையில் எங்கள் கண்ணெதிரே மாட்டிக்கொள்கிறோம். புதிதாக வரும் ஆசிரியர் யாராவது இது என்ன என்று கேட்டால், முழுவதையும் வாசித்துக் காட்டுவோம்.

குன்றாத உடல்நலமும் குறையாத மனநிறைவும் பெற்று, பேரன் பேத்திகளோடு பல்லாண்டு தாங்கள் வாழ வேண்டும். இதை வேண்டும் உரிமையாவது எங்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறோம்.

ஊர்ப் பெரியோரே, தாய்மாரே! இரண்டு வருடமாக நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத இந்த அம்மா, அன்று பள்ளியிலேயே இல்லை. இருந்தவர்கள் நாங்கள். உங்கள் கோபத்தை எங்களிடம் காட்டுங்கள். அவர் கிளம்புவதற்குள் அவரிடம் பேசிவிடுங்கள்.

‘ஆசிரியப் பெருமக்கள்’ என்று பொதுவில் ஒப்பமிட்டு ஒளிந்துகொள்ளாமல், அவரவர் பெயரிட்டு,

பிராங்க்ளின்
நிலவழகன்
சத்யா
சரவணக்குமார்
அன்புமொழி