கடைசி வீட்டுக்குப் போடாத துணி

இந்த அறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஐயா. வெளியே தண்ணீர் ஓடுகிற கானைக் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டால் நின்றுவிடும். யாராவது ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அரை நாள் வேலைதான்.

சரி, நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாரிசாமி. பூனாகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலை மலையில் முள்ளுக்குத்தி, மண்ணைக் கிளறியே முதுகு வளைந்து போனவர். நான் கல் சுமந்து, கொழும்பில் மேசன் வேலை பழகி, பாஸ் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதனால்தான் மண்சரிவில் லயம் போனவர்களுக்குப் புது வீடு கட்டும்போது, வேலையை மேற்பார்க்க கொந்தராத்துக்காரர் என்னைப் போட்டார். எனக்கும் அந்த வரிசையில் ஒரு வீடு கிடைத்தது.

இடம் சரிவு. மேலே வெட்டிக் கீழே நிரப்பித்தான் தட்டையாக்கினார்கள். நிரப்பியது மணல் மண். அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் ஓடும். அதன்மேல் அத்திவாரம் சும்மா நிற்காது. அதற்குத்தான் ஜியோ துணி. வெள்ளையாக, கம்பளி மாதிரித் தடிப்பாக இருக்கும். குழி வெட்டித் துணியை விரித்து, மணல் போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் திரும்பத் துணி, திரும்ப மணல். தண்ணீர் துணிக்குள்ளால் போகும், மணல் போகாது. பாரமும் ஒரே இடத்தில் குத்தாமல் பரவும்.

வேலையைப் பார்க்க வருகிற அதிகாரி தயானி மிஸ் இதை இரண்டு பேசினில் மணல் போட்டுச் செய்து காட்டினார். துணி வைத்த மணலில் கல் அப்படியே நின்றது. துணி இல்லாததில் தண்ணீர் ஊற்றியதும் கல் மெல்லச் சரிந்து ஓரத்தில் விழுந்தது. ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

வீடு கிடைக்க இருந்தவர்களில் ஒருத்தி ரெங்கம்மா, கொழுந்து பறிக்கப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்ப்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் ஆட்களுக்கு முன்னால் கேட்டாள்:

“என்னா தம்பி, மண்ணுக்குக் கம்பளி போத்துறீங்களா? மழையில நிக்கிற எங்களுக்குத்தான் ஒரு கம்பளி கெடையாது. இதுல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க, படங்கு கட்டிக்கிறேன்.”

படங்கு என்றால் கொழுந்துப் பெண்கள் செடி கிழிக்காமல், நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிறது. கொடுக்கமாட்டேன் என்றேன். “பார்த்துப் போத்துங்க, மண்ணுக்குச் சளி புடிச்சிறப்போகுது” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

வரிசையின் கடைசிப் பக்கம் வரும்போது துணி பற்றாது என்று தெரிந்தது. ஒரு வீட்டுக்கு இல்லை. யாரோ எடுத்திருக்கவேண்டும். முதலில் பண்டாரவளையில் துணி கொடுத்த இத்ரூஸ் நானாவைச் சந்தேகித்தேன். கடைக்கே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“என்ட கடையால குறைவா ஒண்டும் வரல்ல, மாரி. நீங்க போட்ட இடத்தில தேடுங்க” என்றார்.

பிறகு காவல்காரனைச் சந்தேகித்தேன். அவனுடைய காம்பராவுக்குள் புகுந்து கூடச் சோதித்தேன். பிறகு யாரையும் விடவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் நின்று, யார் இடுப்பில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்படித்தான் ரெங்கம்மாவைக் கண்டேன். புதுப் படங்கு. வெள்ளை.

கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு பெண் இடுப்பில் கட்டியதைக் கைவைத்துப் பார்ப்பது முறையில்லை, ஐயா. கேட்கவும் இல்லை. கேட்டால் வாயாடுவாள். வரிசையில் கடைசி வீடு அவளுடையது, நிரப்பின மண்ணின் விளிம்பில். அவளுக்குச் சேரவேண்டிய துணியை அவளே எடுத்துவிட்டாள், இனி மற்றவன் வீட்டுத் துணியை அவளுக்கு நான் ஏன் போடவேண்டும்? நியாயமாகத்தான் யோசித்தேன்.

மேலும் துணி கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். கேட்டால் முதலில் கள்ளன் என்று என்னைத்தான் பார்ப்பார்கள். லயத்து ஆள் மேற்பார்வைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் அவன் கையில்தான் இருக்கும்.

தயானி மிஸ் வருவதற்கு முன்பே அவள் வீட்டுக் குழியைத் துணி இல்லாமலே மணலால் மூடினேன். துணி விரித்த பக்கத்து வீட்டுக் குழியைப் பிடித்த போட்டோவை அவருக்குப் போனில் அனுப்பினேன். நல்லது என்று பதில் வந்தது.

வீடு அழகாக வந்தது. பால் காய்ச்சிய அன்று என்னைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். ரெங்கம்மா வேட்டி வைத்துக் கொடுத்தாள். அவள் மகள் நிரஞ்சலா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பின் அறையை அவளுக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் நிரஞ்சலா என்னைக் கூப்பிட்டாள். “மாமா, இந்த வெடிப்பக் கொஞ்சம் பாருங்க. கதவும் சாத்த மாட்டேங்குது” என்றாள்.

பார்த்தேன். மூலையில் தொடங்கிக் கூரை வரைக்கும் போயிருந்தது. விரல் உள்ளே போனது. அதற்குக் கீழேதான் தொட்டில் கட்டியிருந்தாள்.

“புது வீடுன்னா வெடிக்கத்தான் செய்யும்மா” என்றேன். சிமெந்து குழைத்து அடைத்தேன். கதவின் அடியைச் சீவிவிட்டேன். கூலி வாங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தேன். தொட்டிலை மாற்றிக் கட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். தூங்குகிற பிள்ளையைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த மழை. விடாமல் பெய்தது. காலையில் ரெங்கம்மா மலையில் நிற்கும்போது விளிம்பு மண் கரைந்து இறங்கியது. பின் அறை மட்டும்தான் போனது. நிரஞ்சலா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள்.

அவர்கள் மேல் விழுந்த கல்லைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ரெங்கம்மா கொழுந்துக் கூடையோடு ஓடி வந்து என் பக்கத்தில் மண்ணில் விழுந்தாள். படங்கு அவிழ்ந்து கிடந்தது. அப்போதுதான் கிட்டப் பார்த்தேன். உர பேக், ஐயா. கழுவி, எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பித் தைத்திருந்தாள். தூரத்தில் இருந்து பார்த்தால் அதுவும் வெள்ளைதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

என்னிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஏன் தம்பி, எங்க வீட்டுக்கும் போத்தினீங்கதானே?”

போத்தினேன் அக்கா என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

ஆகவே எழுதுங்கள்: கடைசி வீட்டின் அத்திவாரத்துக்குத் துணி போடாதது நான்தான். தெரிந்துதான் போடவில்லை. வெடிப்பை மறைத்ததும் நான்தான்.

நேற்று எல்லா வீட்டின் ஓரத்தையும் தோண்டிப் பார்த்தீர்களாம். என் வீட்டுக்கு அடியில் ஒவ்வொரு தட்டிலும் துணி இரண்டு மடிப்பாகக் கிடந்ததாம். உண்மைதான். மகனுக்காகப் பின்னால் மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணம் இருந்தது. பாரம் கூடும். அதனால் போட்டேன். வேலை தெரிந்தவன் தன் வீட்டைக் கொஞ்சம் பலமாகக் கட்டுவான், அவ்வளவுதான்.

அதையும் இதையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், ஐயா. துணி களவு போனது வேறு விஷயம். அதை எடுத்தது யார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.