இளக்கமாக ஒரு முடிச்சு

பூனை: இன்னும் இந்த ஒரு வரிசைதான் அக்கா, ஊத்திட்டு...

செடிக்காரம்மா: சத்தம் போடாதே. குழாயைக் கீழ போடு. வாசல் கேட்டுகிட்ட வண்டி நிக்குது.

பூனை: யாரு?

செடிக்காரம்மா: யாரா இருந்தா என்ன, உள்ள போ. வலைக்குப் பின்னால போய் உக்காரு. தும்மல் கிம்மல் போட்டே, தொலைஞ்சே.

பூனை: என்ன கலர் வண்டி?

செடிக்காரம்மா: வெள்ளை. பின்னால தார்ப்பாய் போட்டிருக்கு.

பூனை: அக்கா...

செடிக்காரம்மா: உலகத்துல பாதி வண்டி வெள்ளைதான்டி. ஆளைப் பார்த்துட்டேன். நேத்து ரெண்டு செடி வாங்கிட்டுப் போனவன்தான். நீ அப்போ பின்னால எரு கிளறிட்டிருந்தே. உன் வீட்டுக்காரன் நின்னா கதவே மறைஞ்சிடும்னுதானே சொன்னே? இவன் ஒல்லிக்குச்சி. நம்ம வேலிக்குள்ளயே புகுந்து வந்துடுவான்.

பூனை: இருந்தாலும் பயமா இருக்கே அக்கா.

செடிக்காரம்மா: எனக்கு மட்டும் பயம் இல்லையா? நீ இங்க வந்த நாள்லேருந்து கேட்டு சத்தம் கேட்டாலே என் கை மண்வெட்டியைத் தேடுது. போ. பூனைன்னு கூப்பிடறதுக்காவது சத்தமில்லாம நட... அட, செருப்பைக் கழட்டுடி! ...வாங்க தம்பி, வாங்க. என்ன, நேத்து வாங்கின செடி அதுக்குள்ள காஞ்சுபோச்சா?

வந்தவன்: இல்லக்கா. நல்லா இருக்கு.

செடிக்காரம்மா: அக்காவா? நேத்து அம்மான்னு கூப்பிட்டீங்க. ஒரே நாள்ல வயசு குறைஞ்சுபோச்சா எனக்கு?

வந்தவன்: ...இன்னும் கொஞ்சம் செடி வேணும். கடல் பக்கம் முழுக்க வேலி வைக்கலாம்னு.

செடிக்காரம்மா: காத்துக்கா, கண்ணுக்கா?

வந்தவன்: என்னது?

செடிக்காரம்மா: காத்தைத் தடுக்கவா, அடுத்தவங்க கண்ணைத் தடுக்கவான்னு கேக்கறேன். கண்ணுக்குன்னா ஒரே வரிசையா நெருக்கி வைக்கலாம். காத்துக்குன்னா ரெண்டு வரிசை, மாத்தி மாத்தி வைக்கணும்.

வந்தவன்: ரெண்டுக்கும்தான்... பெரிய செடியா வச்சா சீக்கிரம் மறைச்சிடும்ல?

செடிக்காரம்மா: இதைக் கேக்காத ஆளே கிடையாது. பெரிய செடிக்குத் தலை கனம் தம்பி. கடல்காத்து பிடிச்சு ஆட்டுற ஆட்டுல வேரே பிடிக்காது. சின்னதா வைங்க. அது முதல்ல மண்ணைப் பிடிக்கும், அப்புறம் உப்புக்காத்துக்குப் பழகும், அதுக்கப்புறம்தான் மேல ஏறும். ஒரு தடவை பழகிட்டா அசைக்க முடியாது. வருஷம் பூரா பச்சையாவே நிக்கும்.

வந்தவன்: பழகற வரைக்கும்?

செடிக்காரம்மா: கடல் பக்கமா ஒரு வலை கட்டணும். புயலடிச்சு ஓஞ்ச மறுநாள் இலையெல்லாம் நல்ல தண்ணியில கழுவி விடணும், உப்பு போகணும்ல. நுனியைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும், அப்பதான் அடியிலேருந்து அடர்த்தியா வரும். இல்லேன்னா மேல குடை மாதிரி விரிஞ்சு, கீழ நாய் புகுற மாதிரி ஓட்டையா நிக்கும்.

வந்தவன்: வலைன்னா... அந்த வலை மாதிரியா?

செடிக்காரம்மா: எந்த வலை?

வந்தவன்: அதோ, ஷெட்டு முன்னால தொங்குதே. பின்னால என்ன இருக்கு?

செடிக்காரம்மா: என்ன இருக்கும்? பதியன் போட்ட குச்சிங்க. இன்னும் வேர் விடலை. யாரையும் கிட்ட விடறதில்லை. நானே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன்.

வந்தவன்: இத்தனையும் நீங்க ஒருத்தராவா பாத்துக்கறீங்க?

செடிக்காரம்மா: வேற யாரு வருவா? எருவாடை அடிக்கிற பொம்பளைகிட்ட.

வந்தவன்: திட்டுல ரெண்டு டம்ளர் இருக்கே.

செடிக்காரம்மா: ...எனக்குத் தாகம் அதிகம். தம்பி செடி வாங்க வந்தீங்களா, டம்ளர் வாங்க வந்தீங்களா?

வந்தவன்: கோச்சுக்காதீங்கக்கா, சும்மா கேட்டேன்.

செடிக்காரம்மா: சும்மா சும்மா கேட்டைத் திரும்பிப் பாக்கறீங்களே, அதுவும் சும்மாதானா? வண்டியில யாராவது காத்திருக்காங்களா?

வந்தவன்: இல்ல... யாரும் இல்ல. அக்கா, இந்தச் செடியெல்லாம் குச்சி நட்டுத் துணியால கட்டியிருக்கீங்களே, எதுக்கு?

செடிக்காரம்மா: பின்ன? கம்பியால கட்டினா தண்டு பருக்கும்போது அறுத்துடும். துணி விட்டுக்கொடுக்கும். அதுலயும் இளக்கமா கட்டணும். குச்சியோட ஒட்டிக் கட்டிப்போட்டா செடி குச்சியை நம்பியே நிக்கும். கட்டினாலும் கொஞ்சம் ஆடணும் தம்பி. ஆடினாத்தான் வேருக்கு ரோஷம் வந்து பிடிக்கும்.

வந்தவன்: எங்க வீட்டுல அண்ணன் கம்பியாலதான் கட்டுவாரு. இறுக்கி.

செடிக்காரம்மா: செத்துப்போயிருக்குமே.

வந்தவன்: ...ஆமா. அதான் ரெண்டு செத்துப்போச்சு. முன்னெல்லாம் துணியிலதான் கட்டியிருந்துச்சு, நல்லா இருந்துச்சு. இந்தத் துணியை யாரு கட்டினது?

செடிக்காரம்மா: நான்தான்.

வந்தவன்: எல்லாத்தையுமா?

செடிக்காரம்மா: எல்லாத்தையும்தான். பின்ன செடியே கட்டிக்குமா?

வந்தவன்: ஒண்ணு கட்டிக் காட்டுங்களேன். வீட்டுல போய் நானும் அதே மாதிரி... இருங்கக்கா, போன். அண்ணன்தான். ஒரு நிமிஷம்... ஹலோ, சொல்லுங்கண்ணே... வெளியிலதான் இருக்கேன்... பாப்பாவா? ஸ்கூல்ல விட்டுட்டேண்ணே, காலையிலயே... இல்லண்ணே, நீங்க வரவேண்டாம். நானே முடிச்சுட்டு வந்துடறேன்... சரியா கேக்கலண்ணே, காத்து... கேட்டுப் பக்கம் போறேன், இருங்க...

பூனை: அக்கா... அக்கா!

செடிக்காரம்மா: வாயை மூடு. போன் பேசத்தான் அந்தப் பக்கம் போயிருக்கான். தலையை உள்ள இழு.

பூனை: அவன்தான் அக்கா. என் கொழுந்தன். குரலைக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு.

செடிக்காரம்மா: ஐயையோ... நிச்சயமா?

பூனை: அவங்க அண்ணன் உக்காருன்னா உக்காருவான், எழுந்திருன்னா எழுந்திருப்பான். நான் அடி வாங்கறப்பல்லாம் கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டே இருப்பான். உள்ளயும் வரமாட்டான், அங்கேருந்து போகவும் மாட்டான். முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னானே, கேட்டீங்களா?

செடிக்காரம்மா: கேட்டேன்.

பூனை: நான் பின்பக்கமா ஓடிடட்டுமா?

செடிக்காரம்மா: எங்க ஓடுவே? பின்னால வெறும் மணல். ஒரு புதர்கூட இல்லை ஒளியறதுக்கு. குந்தி உக்காரு, நான் சமாளிக்கறேன்.

பூனை: முடிச்சைக் கட்டிக் காட்டச் சொன்னானே. உங்களுக்குத் தெரியாதே!

செடிக்காரம்மா: இத்தனை நாள் பக்கத்துலயே நின்னேன், ஒரு நாளாவது கத்துக்கிட்டேனா பாவி... எப்படி போடுவே, சீக்கிரம் சொல்லு.

பூனை: குச்சிக்கும் தண்டுக்கும் நடுவுல குறுக்க ஒரு தடவை விட்டு, அப்புறம்... கையில காட்டினாத்தான் தெரியும் அக்கா. வாயில சொல்ல வரலையே...

செடிக்காரம்மா: அழாதே, அழாதே. வர்றான். உஷ்.

பூனை: என் பாப்பாவை இன்னிக்கு ஸ்கூல்ல விட்டானாம்... யாரு தலை வாரிவிட்டாங்களோ...

செடிக்காரம்மா: உஷ்னு சொன்னேன்ல! ...என்ன தம்பி, அண்ணன் என்ன சொல்றாரு?

வந்தவன்: ஒண்ணுமில்லக்கா. எங்க இருக்கேன்னு கேட்டாரு.

செடிக்காரம்மா: சொன்னீங்களா?

வந்தவன்: ...யாரோடயோ பேசிட்டிருந்தீங்களே?

செடிக்காரம்மா: செடியோட. நீங்களும் இங்க தனியா கிடந்து பாருங்க, குழாயோடகூட பேசுவீங்க.

வந்தவன்: கட்டிக் காட்டறேன்னீங்களே.

செடிக்காரம்மா: நான் எப்போ சொன்னேன்? நீங்கதான் கேட்டீங்க. இந்த வெயில்ல கண்ணு வேற கூசுது... சரி, கொண்டாங்க அந்தத் துணியை. இப்படி ஒரு சுத்து... இப்படி ஒண்ணு... பிடிச்சு இழுத்தா... இந்தா. ஆச்சு.

வந்தவன்: இது இல்லக்கா.

செடிக்காரம்மா: எது இல்ல?

வந்தவன்: இது சாதாரண முடிச்சு. நேத்து நான் கொண்டுபோன செடியில இப்படி இல்ல. நடுவுல குறுக்க ஒரு தடவை வந்து, அப்புறம் ஒரு பூ முடிச்சு. ரெண்டு காதும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கும். எங்க வீட்டுல ஒருத்தங்க அப்படித்தான் கட்டுவாங்க. செடிக்கும் அப்படித்தான், பாப்பா சடைக்கும் அப்படித்தான்.

செடிக்காரம்மா: உலகத்துல எத்தனையோ பேர் அப்படிக் கட்டுவாங்க.

வந்தவன்: நான்கூட கவனிக்கலக்கா. செடியை இறக்கி வச்சதும் பாப்பாதான் பார்த்தா. ஓடிவந்து தொட்டுப் பார்த்துட்டு, இது எங்கம்மா முடிச்சுன்னா.

செடிக்காரம்மா: அதுக்காக பெத்தவளை மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்துட்டியாக்கும்?

வந்தவன்: ...மோப்பம் பிடிச்சு வந்தேன்னு நான் சொல்லலையே. அவங்க வீட்டை விட்டுப் போயிட்டாங்கன்னும் சொல்லலையே.

செடிக்காரம்மா: நீ... நீ பேசுற விதத்துலயே தெரியுதே. இங்க யாரும் இல்ல. செடியும் கிடையாது உனக்கு, ஒண்ணும் கிடையாது. கிளம்பு.

வந்தவன்: அக்கா, கொஞ்சம் நிதானமா...

செடிக்காரம்மா: என்னடா நிதானம்? அங்க பாரு. உன் வண்டியில தார்ப்பாய் அசையுது.

வந்தவன்: காத்துக்கா.

செடிக்காரம்மா: காத்தா? என்கிட்டயா? இந்நேரத்துக்குக் காத்து கடல் பக்கத்துலேருந்து வருது. உன் வண்டி வேலிக்கு இந்தப் பக்கம் நிக்குது. அந்த வேலியை வச்சதே நான்தான். அதைத் தாண்டி ஒரு இலைகூட ஆடாது இங்க. தார்ப்பாய் எப்படிடா ஆடும்?

வந்தவன்: மெதுவா பேசுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

செடிக்காரம்மா: யாருடா உள்ள? உன் அண்ணனா? போன்ல பேசற மாதிரி பேசிட்டு, அவனைப் பின்னாலயே படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கியா?

வந்தவன்: இல்லக்கா...

செடிக்காரம்மா: நேத்து உன்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சேன்னு நல்ல செடியாப் பொறுக்கிக் கொடுத்தேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! இந்தா பாரு, என் கையில மண்வெட்டி இருக்கு. ஒரு அடி முன்னால வச்சே...

வந்தவன்: அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க அண்ணனுக்கு எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு. நீங்களும் அவருக்குத் தெரிஞ்சவங்களா இருந்துட்டா... அதனாலதான் சுத்தி வளைச்சுக் கேட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்க இங்க இருக்காங்களா, இல்லையா? இல்லேன்னா நான் திரும்பிடறேன். எனக்கு நேரம் இல்ல.

செடிக்காரம்மா: எதுக்கு நேரம் இல்ல? என்னை வெட்டிப் போட்டாலும்...

வந்தவன்: கத்தாதீங்கக்கா!

செடிக்காரம்மா: கத்துவேன்டா! எனக்குப் பயமா இருக்கு, கத்துவேன்! யாராவது வாங்களேன்...

பூனை: அக்கா, போதும். மண்வெட்டியைக் கீழ போடுங்க.

செடிக்காரம்மா: அடியே, உன்னை யாரு வெளிய வரச்சொன்னது! உள்ள போ!

பூனை: எனக்காக நீங்க ஏன் அக்கா? ...தம்பி, நான் வந்துடறேன். வண்டியில வந்து ஏறிக்கறேன். உங்க அண்ணனைக் கீழ இறங்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு யாருமில்லைன்னு பொய் சொல்லித்தான் வேலை கேட்டேன்.

செடிக்காரம்மா: பொய் சொல்லாதே! எல்லாம் தெரிஞ்சுதான்டி வச்சுக்கிட்டேன்!

பூனை: நீங்க சும்மா இருங்க அக்கா... தம்பி, பாப்பா நல்லா இருக்காளா? அன்னிக்கு ராத்திரி அவளைத் தூக்கிட்டு வர எவ்வளவோ பார்த்தேன். தூக்கத்துல அவ மேல உங்க அண்ணன் கை கிடந்துச்சு, எடுக்க முடியலை. என்னைப் பார்க்க விடுவாரா? ஒரு தடவை... தூரத்துலேருந்தாவது?

வந்தவன்: அண்ணி...

பூனை: சொல்லுங்க தம்பி, விடுவாரா? எனக்குப் பயமா இருக்கு. தார்ப்பாய் மறுபடியும் அசையுது. இறங்கப் போறாரு.

வந்தவன்: அண்ணன் வரல அண்ணி. நான் ஸ்கூல் பக்கமே போகல. உள்ள பாப்பாதான் இருக்கா. நேத்து அவிழ்த்த துணியைக் கையில சுருட்டி வச்சுக்கிட்டு, காலையிலேருந்து வாயே திறக்கல. அம்மா குரல் கேக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்... அங்க வரைக்கும் கேக்கல போலிருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசுங்க அண்ணி.