வேப்பம்பட்டில் விழுந்த புள்ளி

"மாமே, ஒரிசா முழுக்க மின்னல் உழுந்துகினு கீது பாரு."

அம்பத்தூரில் மின்சார ரயிலில் ஏறிய இருவரில் இளையவர்தான் சொன்னார். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை. அவர் கைபேசியில் இந்திய வரைபடம் முழுக்க மஞ்சள் புள்ளிகள் பொரிந்துகொண்டிருந்தன.

"ஒரு புள்ளின்னா ஒரு மின்னலா நைனா?"

"ஆமா. அங்கங்க கருவி வெச்சிகீறாங்க. மின்னுன ஒடனே இதுல காட்டிடும்."

"அடேங்கப்பா! இம்மாம் பெரிய வானத்துலயா!"

இளையவர் படத்தை நம் ஊர்ப்பக்கம் நகர்த்தினார். திருவள்ளூரிலிருந்து புள்ளிகள் கிழக்கே வந்துகொண்டிருந்தன.

"ஐயோ, வேப்பம்பட்டுல என் தம்பி மொட்டமாடில கம்பி கட்டிகினு கீறான்!" மூத்தவர் உடனே போன் போட்டார்.

"சேகரு, எல்லாத்தையும் போட்டுட்டு கீழ எறங்குடா. மழை இல்லன்னா இன்னா, இடி வருதுடா! கூட கீறவங்களையும் கூப்டு. நான் லைன்லயே கீறேன்."

ஆவடி தாண்டியது. "எல்லாரும் எறங்கிட்டீங்களா?" என்று கேட்டவர், போனுக்குள்ளிருந்து வெடித்த சத்தத்தில் அதைக் காதிலிருந்து விலக்கினார்.

"சேகரு! டேய் சேகரு!"

போனை மறுபடி காதில் அழுத்திக்கொண்டார்.

"கீறியா? ஒண்ணும் ஆவலயே? பக்கத்து மனை தென்னமரமா? எரியுதா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இளையவர் திரையை நீட்டினார். வேப்பம்பட்டின் மேல் புதிதாக ஒரு மஞ்சள் புள்ளி.

"இதுதான் அந்த மரமா?"

"இதுதான் மாமே."

மூத்தவர் அந்தப் புள்ளியை மெல்லத் தொட்டார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.