கெசையா உட்கார்ந்திருக்கும் இடம்

ஈனாக்: கடப்பாரை எங்கேடி கெசையா?

கெசையா: பத்திரமா இருக்கு.

ஈனாக்: அதான் எங்கே?

கெசையா: நான் உட்கார்ந்திருக்கேன்ல... எனக்கு அடியில.

ஈனாக்: எழுந்திரு! சூளை வாசல்ல அடைச்ச செங்கலைப் பேர்க்கணும்.

கெசையா: நாளைக்குக் காலையில பேர்க்கலாம்பா. தீ அடங்கி ஒரு நாள்தான் ஆகுது. இப்பவே திறந்தா, குளிர்காத்து பட்டு அத்தனை பீங்கான் தட்டும் படபடன்னு...

ஈனாக்: எனக்கே பாடமா? இருபது வயசுல, எரியுற சூளைக்குள்ள புகுந்து, ஓட்ஸ் ரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவித் தின்னுட்டு வந்தவன் நான். பர்ஸ்லம் ஊரே சாட்சி!

கெசையா: போன வாரம் சொன்னப்ப வெண்ணெய் இல்லையே?

ஈனாக்: வயசாக ஆக ஞாபகம் கூடுது. எழுந்திருடி, மூணு மணி ரயில்ல எஸ்ரா வர்றான்.

கெசையா: சித்தப்பா மகனா? அவன் எதுக்கு?

ஈனாக்: பட்டறையை அவன் பேருக்கு எழுதப் போறேன். எனக்கு எழுபது வயசாச்சு. இனிமே கால்வாய்க் கரையில உட்கார்ந்து திமிங்கலம் பிடிக்கணும்.

கெசையா: மான்செஸ்டர்ல பொத்தான் விக்கிறவன்பா அவன்!

ஈனாக்: ஆம்பளைப் பிள்ளை. பட்டறை வாசல்ல நம்ம குடும்பப் பேரைப் போட்டு உங்க தாத்தா என்ன எழுதி வச்சிருக்கார்? 'டன்னிக்ளிஃப் அண்ட் மகன்'.

கெசையா: இருபது வருஷமா இந்தச் சூளையை எரிக்கிறது யாரு? போன குளிர்காலம் நீங்க படுத்தப்ப...

ஈனாக்: படுத்தேனா? செத்துப் பிழைச்சேன்! போதகர் ரெண்டு தடவை அடக்கம் பண்ண வந்துட்டுத் திரும்பிப் போனார்.

கெசையா: ஜலதோஷம்பா.

ஈனாக்: சரி சரி... கடப்பாரையைக் கொடு.

கெசையா: பட்டறையை யாருக்கு வேணா எழுதுங்க. இந்தச் சூளை நாளைக்குக் காலையிலதான் திறக்கும்.

ஈனாக்: முதலாளி நான்!

கெசையா: தட்டு முதலாளியைக் கேட்டுக்கிட்டு வெடிக்காது.

ஈனாக்: அடிப் பிடிவாதக்காரி... எஸ்ரா வரலை. நான் கடுதாசியே போடலை.

கெசையா: பின்னே என்ன அவசரம்?

ஈனாக்: சூளைக்குள்ள மேலடுக்குல ஒரு மண்பெட்டி... உன்னை விரட்டிட்டு நானே தட்டு அடுக்கினேன்ல? அதுல முதல் தட்டை எடுத்து நீ புரட்டிப் பார்க்கணும். அப்ப உன் முகத்தை நான் பார்க்கணும். நாளை வரைக்கும் தாங்காதுடி எனக்கு!

கெசையா: பார்த்துட்டேன்பா.

ஈனாக்: என்னத்தை?

கெசையா: அடுக்கின அன்னைக்கே, நீங்க டீ குடிக்கப் போனதும் ஏணியில ஏறிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில புது முத்திரை... 'டன்னிக்ளிஃப் அண்ட் மகள்'. அப்படியும் எஸ்ரான்னு சொன்னதும் எனக்குள்ள ஒரு தட்டு உடைஞ்சுதான் போச்சு. சூளைக்குள்ள இருக்கிறது உடையாம வரட்டும்னுதான், காலையிலிருந்து இந்தக் கடப்பாரை மேலேயே உட்கார்ந்திருக்கேன்!