மிதிச்சிக்கினே இரு

மதியம் ஒரு மணி. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகிற ரோடு. தார் இளகுகிற வெயில்... ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை.

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று நினைத்துக்கொண்டு இந்த மொட்டை மாடியில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். உச்சி வேளையை மறந்துவிட்டீர்கள். நடந்தது யாருக்கோ இல்லை. இதோ போர்வைக்குள் சுருண்டிருக்கிறானே தேவசகாயம், அவன் பெரியப்பா மகன் ஜெபகுமாருக்கு. நம்பாதவர்கள் இவனையே கேட்கலாம். கேட்டால் எழுந்து கீழே போய்விடுவான்.

ஜெபகுமாருக்கு அந்த ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட். கூட்டாளி அஜித். காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்குச் சொந்த டாக்சி ஓட்டுவான், சவாரி இல்லாத நாளில் ஷெட்டிலேயே கிடப்பான். பிரேக் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆயில் மாற்றினால் குழாய்க்குள் காற்று நின்றுவிடும், அதை வெளியே எடுக்க வேண்டும். அஜித் டிரைவர் சீட்டில், ஜெபகுமார் வண்டிக்கு அடியில். "மிதி" என்றால் அவன் பெடலை மிதிப்பான். "பிடி" என்றால் அமுக்கிப் பிடிப்பான். இவன் சக்கரத்தருகே இருக்கிற சின்னத் திருகை, நிப்பிளை, ஸ்பேனரால் திறப்பான், ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். மூடிவிட்டு "விடு" என்பான். அதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். பதினோரு வருடத்தில் அஜித் ஒரு தடவைகூட முந்திக் காலை எடுத்ததில்லை.

போன வைகாசி. முகூர்த்தம் மேல் முகூர்த்தம், ஷெட்டில் நிற்க இடமில்லை. அஜித் வண்டியில் பிரேக் ஆயில் டிகாஷன் மாதிரி கறுத்திருந்தது. முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், ஊதிப்போன ரப்பர் ஹோஸையும் மாற்ற வேண்டும். ஜெபகுமார் பார்த்தான். சோம்பல், வேறென்ன. பழசுக்கு மேலேயே கொஞ்சம் புதிதை ஊற்றி மூடினான்.

"எல்லாம் மாத்திட்டேன், போய்ட்டு வா."

மறுநாள் அஜித் ஒரு கல்யாண வீட்டாரைப் புடவைக் கட்டோடு ஜவ்வாது மலையில் விட்டுவிட்டுத் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். ஈரம் ஏறிய பழைய ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்துவிட்டது. ஷெட்டுக்கு போன் வந்தது.

"டேய்... பெடல் உள்ள போவுதுடா. வண்டி நிக்கல. இன்னாடா பண்றது?"

"மிதிச்சிக்கினே இரு! மிதிச்சிக்கினே இரு!"

கியரைக் குறை என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான். போனில் டக் டக் டக் என்று பெடல் சத்தம்... அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மாதம் கழித்து, பங்குனியில், அஜித்தின் மனைவி பொன்னி வந்தாள். நசுங்கின முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்து, அதே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க தம்பி ஓட்டப் போறான்ணா. புள்ளைங்களும் இதுலதான் ஸ்கூலுக்குப் போவணும். பிரேக்கு மட்டும் உங்க கையால பாத்துக் குடுங்க."

அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஜெபகுமார் தலையாட்டினான்.

இந்தத் தடவை அவன் எதிலும் குறை வைக்கவில்லை. ஸ்டீல் வலை பின்னிய புது ஹோஸ்கள். சீல் உடைக்காத ஆயில் டின்கள். அஜித்தின் சீட்டில் இன்னொருவனை உட்காரவைக்க மட்டும் மனம் ஒப்பவில்லை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டையை முட்டுக் கொடுத்துத் தனியாகவே முடித்துவிடலாம் என்று நினைத்தான். எதற்கும் முதலில் நிப்பிள் இளகுகிறதா பார்ப்போம் என்று அந்த ஒரு மணி வெயிலில் பின்சக்கரத்தடியில் போய்ப் படுத்தான். ஸ்பேனர் நிப்பிளில் பட்டதும், பழக்கதோஷம்... வாய் சொல்லிவிட்டது.

"மிதி."

டக்.

சீட் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. முட்டுக்கட்டை அவன் தலைமாட்டிலேயே கிடந்தது.

டக்... டக்...

"பிடி" என்றான். நிப்பிளைத் திறந்தான். புது டின்னை உடைத்து ஊற்றிய ஆயில்... கறுப்பாக வந்தது. கொதிக்கிற மாதிரி குமிழ்கள். பிரேக் கருகின வாடை. ஒரு டின் தீர்ந்தது. சீட் பக்கம் பார்க்காமலே எழுந்து எழுந்து ஊற்றினான், இரண்டு, மூன்று... கறுப்பும் நிற்கவில்லை, காற்றும் நிற்கவில்லை.

ஜெபகுமாருக்கு அழுகை வெடித்துவிட்டது.

"அஜித்து... அன்னிக்கி நான் மாத்தலடா. மேல மட்டும் ஊத்தினேன். பொய் சொல்லிட்டேன்டா..."

பெடல் மட்டும், இவன் சொல்லாமலே, வேகம் எடுத்தது. டக்டக்டக்டக்...

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அஜித் ஷெட்டுக்குத் திரும்பி வரவில்லை. இன்னும் அந்த மலையில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறான். மன்னிப்பெல்லாம் அவன் காதில் விழாது. "விடு" என்றால் ஒருவேளை விழும், காலை எடுத்துவிடுவான். எடுத்தால்... எதிரே வளைவு. அந்த ஒரு சொல் ஜெபகுமாருக்கு வாயில் வரவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

சாயங்காலம் பொன்னி வந்தபோது சத்தம் அடங்கியிருந்தது.

"ஆயிடுச்சாண்ணா?"

"இல்லமா. காத்து போவல. போவாது. இந்த வண்டிய... யாரும் ஓட்ட வேணாம்மா."

பொன்னி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தாள். பிரேக் பெடலின் ரப்பர் வலது ஓரத்தில் தேய்ந்து தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. அதைக் கையால் தடவினாள்.

"அவருக்குக் கால் கொஞ்சம் சாஞ்சிதான் விழும். செருப்புகூட இந்தப் பக்கந்தான் தேயும். வேற எத வேணா மாத்துங்கண்ணா... அவரு மிதிச்ச இந்த ரப்பர மட்டும் மாத்தாதீங்க."

ஜெபகுமார் சரி என்றான். அந்த ரப்பரை அன்று காலையில்தான் பாக்கெட்டைப் பிரித்துப் புதிதாக மாட்டியிருந்தான்.