காஸ் தீட்டா தனியா வராது

சவுரிமுத்து: மெதுவாப் பேசு சம்பத்து. பின் சீட்டுல நம்ம தெரு ஆளு கீறான்.

சம்பத்: கணக்குதானே அண்ணா கேக்கறீங்க? திருட்டு சரக்கா விக்கிறோம்?

சவுரிமுத்து: உனுக்கு இன்னா தெரியும். என் பொண்ணு ஜெசிந்தா ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து என்கிட்டதான் கணக்கு கத்துகினா. இப்ப காலேஜ் சேந்தும், நேத்து டிவில பாட்டு ஓடிகினு இருக்க சொல்ல, புக்கைத் தூக்கிகினு வந்து "அப்பா, இது எப்டிப்பா?"ன்னு நிக்கிறா. நான் எஸ்எஸ்எல்சி. தலைவலி, நாளைக்கு சொல்றேன்னுட்டேன்.

சம்பத்: அப்ப இன்னிக்கு சாயந்திரம் சொல்லணும்.

சவுரிமுத்து: சொல்லலன்னா மானம் பூடும். நீ பிஎஸ்சி மேத்ஸு, பக்கத்து வூடு வேற. கோட்டை ஸ்டேஷன் வர்றதுக்குள்ள சொல்லிக் குடு.

சம்பத்: குரோம்பேட்டை வந்தாச்சு... சரி, கணக்கு என்ன?

சவுரிமுத்து: ஆர் ஈக்வல் டு நாலு காஸ் தீட்டா. இதை எக்ஸ், ஒய்யா மாத்தணுமாம். எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே கீது.

சம்பத்: தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறீங்க. மாடம்பாக்கம் கோயில் எங்கன்னு ஒருத்தன் கேக்கறான்.

சவுரிமுத்து: கைய நீட்டி, "அப்டிக்கா போ, மூணு மைலு"ம்பேன்.

சம்பத்: அதான் போலார். எவ்ளோ தூரம்கறது ஆர். எந்தப் பக்கம் கை நீட்டினீங்களோ, அது தீட்டா. ஆனா ஆட்டோக்காரன் வீட்டு மேலெல்லாம் ஏறி நேராப் போவானா?

சவுரிமுத்து: நம்ம ஸ்டேண்டு ஆளுங்க போனாலும் போவாங்க.

சம்பத்: கிழக்கே இவ்ளோ போய், அப்புறம் திரும்பி தெற்கே இவ்ளோ. அந்த ரெண்டும்தான் எக்ஸ், ஒய்.

சவுரிமுத்து: அட, புரியுதே... அப்ப காஸ் தீட்டாவ எட்த்துட்டு எக்ஸ் போட்டா ஆர் ஈக்வல் டு நாலு எக்ஸ். முடிஞ்சுது.

சம்பத்: ஐயோ அண்ணா, காஸ் தீட்டா தனியா வராது. ஆர் கூட சேர்ந்து வந்தாதான் எக்ஸ்.

சவுரிமுத்து: கல்யாண வூடா இது, ஜோடியா வந்தாதான் உள்ள வுடுவாங்களா? ஆருக்கு நான் எங்க போவேன்?

சம்பத்: ரெண்டு பக்கமும் ஆரால பெருக்குங்க. இந்தப் பக்கம் ஆர் ஸ்கொயர்...

சவுரிமுத்து: இரு, இரு... எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒய் ஸ்கொயர். பித்தாகரஸு.

சம்பத்: அந்தப் பக்கம் நாலு ஆர் காஸ் தீட்டா...

சவுரிமுத்து: நாலு எக்ஸ். டேய், வட்டம்டா இது. மூளை இன்னும் துரு புடிக்கல எனுக்கு.

சம்பத்: அவ்ளோதான். பேப்பரை மடிச்சு பையில வைங்க.

சவுரிமுத்து: இன்னொண்ணு கீது. ஆர் ஈக்வல் டு, மேல ரெண்டு, கீழ ஒண்ணு மைனஸ் காஸ் தீட்டா.

சம்பத்: அது... கிண்டி வந்துடுச்சு போல.

சவுரிமுத்து: மீனம்பாக்கம்டா. சொல்லு.

சம்பத்: இல்ல... அந்த மாதிரி கணக்கு ஜெசி எனக்கு இன்னும்...

சவுரிமுத்து: ஜெசி உனுக்கு?

சம்பத்: அதோ, ஏரோப்ளேன் எறங்குது பாருங்க.

சவுரிமுத்து: சம்பத்து.

சம்பத்: நான் படிச்சு முடிச்சு பத்து வருஷம் ஆச்சு அண்ணா, எல்லாம் மறந்துடுச்சு. நேத்து நீங்க குளிக்கப் போனப்ப, ஜெசி காம்பவுண்டு செவுத்துல எட்டிப் பாத்து கூப்ட்டுச்சு. "அப்பா நாளைக்கு ரயில்ல உங்களைத்தான் கேப்பாரு, கத்துக்கோங்க அங்கிள்"னு. ஆட்டோ கதை கூட அது சொன்னதுதான்.

சவுரிமுத்து: அப்ப அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுகினே என்கிட்ட வந்து நின்னாளா? கிண்டலா?

சம்பத்: அதை சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு...

சவுரிமுத்து: நாளைக்கு உனுக்கு ஜன்னல் சீட்டு வேணுமா, வேணாமா?

சம்பத்: "காலேஜ் சேந்ததுலேர்ந்து அப்பா என்கிட்ட சாப்டியா, பஸ் கெடச்சுதா, அவ்ளோதான் பேசறாரு. கணக்குன்னாதான் பக்கத்துல வந்து உக்காருவாரு"ன்னு சொல்லிச்சு.

சவுரிமுத்து: அப்டியா சொன்னா.

சம்பத்: அண்ணா... அந்த ரெண்டாவது கணக்கை ஆபீஸ்ல யார்கிட்டயாவது கேட்டுடலாமா?

சவுரிமுத்து: வேணாம் வுடு. அதையும் கத்துகினு போனா, சாயந்திரம் சீக்கிரம் முடிஞ்சு பூடும்.