எட்டுக்குப் பயந்த ஐஸ் கம்பெனி

நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர், ஐஸ் கம்பெனி முதலாளி ஜெயவேல் அண்ணன் அவர்களே. எண்ணூரின் அனலிலும் திருவொற்றியூரின் தூசியிலும் உழைத்துக் களைத்த பெரியோர்களே. மீன்கூடையை இறக்கிய கையோடு வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் இராயபுரத்துத் தாய்மார்களே. செங்குட்டுவனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உடனே இருவர் எழுந்து டீக்கடைப் பக்கம் நடக்கிறார்கள். போங்கள், அங்கேயும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோம்.

சம்பளத்தில் வரி பிடிக்கும் நிறுவனத்துக்கு அரசு ஓர் எண் தருகிறது. டான் நம்பர் என்பார்கள். பிடித்த வரியை அந்த எண்ணில்தான் கட்ட வேண்டும். நம் தலைவருக்கு நிறுவனம் இரண்டு, எண்ணும் இரண்டு. படகின் எண்ணையே கூட்டிப் பார்த்துக் கயிறு அவிழ்க்கும் கரையில் பிறந்தவர், இதை விடுவாரா? கூட்டினார். மீன் கம்பெனிக்கு ஒன்பது வந்தது, மகிழ்ந்தார். ஐஸ் கம்பெனிக்கு எட்டு வந்தது, மிரண்டார். ஐஸ் கம்பெனி ஊழியர்களிடம் பிடித்த வரியையும் மீன் கம்பெனி எண்ணிலேயே கட்டிவிட்டார். அதோ, துண்டால் முகத்தை மூடுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டவர் யார்? ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் மலர். சொந்த வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டார். சம்பளத்தில் வரி பிடித்திருக்கிறது, ஆனால் அரசின் வரிக் கணக்கில் அவர் பேரில் ஏறவில்லை. கடன் நின்றது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மலர் நேரே முதலாளியிடம் போனார்.

"இன்னா நைனா, என் வரி உன் மீன் கம்பெனில கீதாமே. நான் இன்னா மீனா?"

"எட்டு நமக்கு ஆவாதும்மா. நாளைக்கு நல்ல நேரம் பாத்து மாத்திக்கலாம்."

"பேங்க்குல நல்ல நேரம் பாத்துகினு குந்திகினு இல்ல நைனா. இப்பவே மாத்து."

சுட்டெரிக்கும் ராகு காலத்தில், நம் தலைவர் திருத்த மனுவை அனுப்பினார். வரி ஏறியது. கடன் வந்தது.

முதலாளிமார்களே, அந்த எண் யாருக்காக? உங்கள் ராசிக்காகவா? உங்கள் ராஜயோகத்துக்காகவா? உழைத்தவர் வியர்வை உழைத்தவர் பேரிலேயே போய்ச் சேர்வதற்காக. வழி மாறினால் ஒரு குடும்பத்தின் வீடே நின்றுபோகும், மறக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. சென்ற வாரம் எம்.கே.பி. நகரில் மலரின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். முதல் ஆளாக வந்த தலைவர் வாசலில் நின்றுவிட்டார். கதவு எண் எட்டு. சற்று யோசித்தார். செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், இரண்டு டம்ளர் பால் வாங்கிக் குடித்தார்.

கோபிக்காமல் சிரிக்கும் தலைவருக்கும், கலையாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. டீக்கடைக்குப் போனவர்களுக்கும் சேர்த்தே என் வணக்கம்.